இரண்டு கிற்றார்காரருக்கு ஒரு சால்வை

ஷ்லீரன்,
சுவிற்சர்லாந்து.
18.11.1996

பெருமதிப்புக்குரிய உருத்திரமூர்த்தி அத்தானுக்கு, வரதராசா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

நேற்றுத் திரிம்பாக் கோவிலில் உங்கள் எல்லோருடைய பெயரிலும் அர்ச்சனை செய்வித்தேன். ஆகவே ரொறன்ரோவில் நீங்களும் அக்காவும் பேரப்பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இங்கே உங்கள் தங்கை சுசீலா நலம். மகள் கிருசிகா நலம். நானும் நலம் என்று எழுதினால் அது பொய். கோவிலுக்குப் போய்வந்த கையோடு ஒருவன் பொய் எழுதக்கூடாது. அதனால் என் விஷயத்தை விரிவாகவே எழுதுகிறேன். கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்துகொண்டு வாசியுங்கள்.

அத்தான், என்னுடைய தலைவர் பதவி ஆட்டம் காண்கிறது. எங்கள் லிமத் பள்ளத்தாக்குத் தமிழ்க் கலாமன்றம் வருகிற மாதம் முதல் ஞாயிறு விசேட பொதுக்கூட்டம் வைத்து என்னை இறக்கப் போகிறது. உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ரொறன்ரோவில் தடுக்கி விழுந்தால் ஏதோ ஒரு சங்கத் தலைவரின் மேல்தான் விழ வேண்டும் என்று சொல்கிறார்கள். இங்கே அப்படியில்லை. ஊரிலே ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து பச்சைக்கொடி காட்டியவன் நான். இப்போது ஆஸ்பத்திரிக் குசினியில் நின்று தட்டுக் கழுவும் இயந்திரத்தின் வாயில் தட்டுகளை ஊட்டிக்கொண்டிருக்கிறேன். தலைமைச் சமையற்காரன் என்னை விரலைச் சொடுக்கித்தான் கூப்பிடுவான். மன்றத்துக்குள் நான் நுழையும்போது மட்டும் நாலு பேர் கதிரையை விட்டு எழும்புவார்கள். "தலைவர் வாறார்" என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் இல்லாமல் இந்த நாட்டில் இன்னொரு குளிர்காலத்தைக் கழிக்க என்னால் ஏலாது. வெட்கத்தை விட்டு இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

இத்தனைக்கும் காரணம் உங்கள் தங்கை. அவளை நீங்கள் செல்லம் கொடுத்து வளர்த்ததை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் செல்லத்தின் பலனை நான் அல்லவா அனுபவிக்கிறேன்! நீங்கள் எனக்கு ஓர் உதவி செய்ய வேண்டும். நீங்கள் பள்ளிக்கூட அதிபராக இருந்த காலத்தில் உங்களிடம் அடி வாங்கியவர்கள்தான் எங்கள் நிர்வாகக் குழுவில் அரைவாசிப் பேர். உங்கள் கையெழுத்தைக் கண்டால் இன்றைக்கும் எழும்பி நிற்பார்கள். அவர்களுக்கு நீங்கள் ஒரு கடிதம் எழுத வேண்டும். சுசீலாவுக்குச் சிறு வயதிலிருந்தே இசைப்பித்து, நல்ல வாசிப்பைக் கேட்டால் தான் என்ன செய்கிறாள் என்று அவளுக்கே தெரியாது, இதைக் கட்டியவன் கட்டுப்படுத்த முடியாது, பெற்றவர்களாலேயே முடியவில்லை என்று எழுதினால் போதும். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வேன்.

நடந்தது இதுதான். போன சனிக்கு முந்திய சனிக்கிழமை, எங்கள் ஆண்டு விழாவுக்கு முதல் நாள். விழாவுக்கு ஜெர்மனியிலிருந்து புலவர் மகேந்திரனார் பிரதம விருந்தினராக வருகிறார். அவருக்குச் சால்வை வாங்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். முந்திய வருடம் அதை உபதலைவர் தம்பித்துரையிடம் கொடுத்து நாங்கள் பட்டது போதும். அவர் வாங்கி வந்த சால்வை விருந்தினரின் ஒரு தோளைத்தான் மூடியது. மற்றத் தோள் கடைசிவரை குளிரில் இருந்தது. ஆகவே நான் சூரிச்சுக்குப் போய், மன்றத்தின் பெயரைக் கரையில் நூலால் தைக்கக் கொடுத்திருந்த சிவப்புச் சால்வையை எடுத்துக்கொண்டேன். நல்ல அகலம். பையில் வைத்துக்கொண்டு, சுசீலா துப்புரவு வேலை செய்கிற இசையரங்குக்கு அவளைக் கூட்டிவரப் போனேன். இரண்டு பேரும் ஒரே ரயிலில் வீட்டுக்கு வரலாம் என்ற நல்ல எண்ணம். அந்த நல்ல எண்ணத்தில்தான் எல்லாம் பிழைத்தது.

அங்கே மேடையில் இரண்டு கிழவர்கள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் அமெரிக்கர்கள், கையில் ஆளுக்கொரு கிற்றார். ஒருவர் கறுப்பு நிறத்தவர், ப்ளூஸ் வாசிப்பவர். மற்றவர் பெரிய தொப்பி போட்ட வெள்ளைக்காரர், கன்ட்ரி வாசிப்பவர். அவர்களின் பெயர்கள் என் நாக்கில் தங்கவில்லை. கீழே உங்கள் தங்கை தரை துடைக்கிற தடியைப் பிடித்தபடி அசையாமல் நிற்கிறாள். வாளித் தண்ணீர் ஆறிப்போய்விட்டது.

"சுசீலா, வாரும். ரயில் போகப் போகுது" என்றேன்.

"கொஞ்சம் பொறுங்கோப்பா. உந்த மனுசன் கம்பியை மேல தள்ளுறதைப் பாருங்கோ. சுரத்தை இழுத்துக்கொண்டு போய் மற்றச் சுரத்தின்ரை வீட்டு வாசல்ல விடுறார்."

"அவர் எங்கையெண்டாலும் விடட்டும். நாளைக்கு விழா. எனக்கு ஆயிரம் வேலை கிடக்குது."

"விழா வருசா வருசம் வரும். இப்பிடி ரெண்டு பேர் ஒண்டா வருவினமோ?"

இப்படி நாங்கள் கதைத்துக்கொண்டு நின்றதை அரங்கின் மேலாளர் அம்மா கண்டுவிட்டார். என்ன நினைத்தாரோ, இரவுக் கச்சேரிக்கு இரண்டு ஓசிச் சீட்டைக் கொண்டுவந்து நீட்டினார். ஓசியை வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் உங்கள் குடும்பத்தில் இல்லை என்பது நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா? கிருசிகா விழா நடனத்துக்காக ஊஸ்டரில் சிவகலா ரீச்சர் வீட்டில் நின்றாள். ஆகவே பிள்ளையைச் சாட்டியும் தப்ப முடியவில்லை. சால்வைப் பையோடேயே போய் இருந்தேன்.

வாசலில் ஆளுக்கு இரண்டு மஞ்சள் பஞ்சுத் துண்டு தந்தார்கள். இனிப்பாக்கும் என்று வாயருகே கொண்டுபோன பிறகுதான் மற்றவர்கள் அதைக் காதுக்குள் வைப்பதைக் கண்டேன். அத்தான், இந்த நாட்டு நியாயத்தைப் பாருங்கள்! உழைத்த பணத்தைக் கொடுத்துக் கச்சேரி கேட்க வருகிறார்கள், வந்த இடத்தில் கேட்காமல் இருப்பதற்குப் பஞ்சும் கொடுக்கிறார்கள். எட்டு மணி என்றால் எட்டு மணிக்கே தொடங்கினார்கள். அதிலே மட்டும் எனக்குக் குறையில்லை. எங்கள் விழாவில் எட்டு மணிக்குத்தான் ஒலிபெருக்கிக்காரர் வீட்டிலிருந்து வெளிக்கிடுவார்.

நாங்கள் இருந்தது கடைசி வரிசை. எனக்குக் கச்சேரியில் நாட்டமே இல்லை, நாளைய வரவேற்புரையை மனதுக்குள் பாடமாக்கிக்கொண்டிருந்தேன். ஆனால் உங்கள் தங்கை விட்டால்தானே! தொப்பிக்காரர் வலது பெருவிரலில் ஒரு பிளாஸ்டிக் வளையம் மாட்டியிருந்தார். அந்த விரல் தடித்த கம்பியில் ரயில் ஓடுவதுபோல ஒரே கதியில் ஓடுகிறது, மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளைக் கோழி அரிசி பொறுக்குவதுபோலக் கொத்துகின்றன. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் மூன்று பேர் வாசிக்கிறார்கள் என்றுதான் சொல்வோம். ப்ளூஸ்காரர் சின்னவிரலில் ஒரு கண்ணாடிக் குழாயைப் போட்டுக் கம்பியில் வழுக்கினார். அது பெண்பிள்ளை விம்முவதுபோல விம்மியது. விம்மல் அடங்குமுன் அதையே சிரிப்பாக்கிவிட்டார். அவருடைய நகம் மஞ்சளாகி, தேங்காய்ச் சிரட்டைபோலத் தடித்துப்போயிருந்தது. கடைசி வரிசையிலிருந்தே தெரிந்தது. இதையெல்லாம் சுசீலா என் முழங்கையை இடித்து இடித்துக் காட்டிக்கொண்டிருந்ததால்தான் நானும் பார்க்க வேண்டியதாயிற்று. நல்ல இடம் வரும்போதெல்லாம் "சபாஷ்!" என்று சத்தம் போட்டாள். சுவிஸ்காரர்கள் பாட்டு முடிந்தபிறகுதான் கைதட்டுவார்கள். நடுவில் தும்மவும் மாட்டார்கள். முன்வரிசைத் தலைகள் எல்லாம் ஒரேயடியாகத் திரும்பின. நான் சால்வைப் பையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

பிறகு ஒரு கட்டம் வந்தது. இரண்டு பேரும் மாறி மாறி வாசிக்கத் தொடங்கினார்கள். எங்கள் கோவில் திருவிழாவில் இரண்டு தவில்காரர் எதிரெதிரே இருந்து மோதுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். தொப்பிக்காரர் ஒரு கட்டு வாசிப்பார், ப்ளூஸ்காரர் அதை வாங்கித் திருப்பிக் கொடுப்பார். கொடுக்கல் வாங்கல் சூடு பிடிக்கிறது. கடைசியில் தொப்பிக்காரர் கழுத்து நரம்பு புடைக்கத் தன் வித்தை முழுவதையும் ஒரே மூச்சில் கொட்டினார். ப்ளூஸ்காரர் உடனே பதில் சொல்லவில்லை. சிரித்தார். பொறுத்தார். பிறகு ஒரே ஒரு சுரம். அதைத் தொட்டு, மெல்ல மேலே தள்ளி, அங்கேயே பிடித்துக்கொண்டு நின்றார் அத்தான். அது நடுங்கியது. முடிந்துவிட்டது என்று நாங்கள் நினைத்த பிறகும் அது முடியவில்லை.

அடுத்த முறை தொப்பிக்காரருடையது. எல்லோரும் அவரைப் பார்க்கிறார்கள். அவர் கையைக் கிற்றாரிலிருந்து எடுத்துவிட்டார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மற்றவரைப் பார்த்தபடி இருந்தார். தன் முறையை வெறுமையாகவே விட்டுக்கொடுத்தார். வாசிக்கத் தெரியாமல் அல்ல. அந்தச் சுரத்துக்குப் பிறகு தான் ஒன்றும் வாசிக்கக்கூடாது என்று. எங்கள் மன்றத்தில் இத்தனை வருடத்தில் ஒருவராவது ஒலிவாங்கியை விட்டுக்கொடுத்ததைக் கண்டிருக்கிறேனா? நன்றியுரை சொல்ல வந்தவரே மணிக்கணக்காய்க் கதைத்துவிட்டுத்தான் இறங்குவார். நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். இல்லை, சுசீலா, சுசீலாதான் எழும்பினாள். அதை நான் கண்டேன்.

பிறகு இரண்டு பேரும் கதிரைகளை நெருக்கிப் போட்டுக்கொண்டு, தோளோடு தோள் முட்ட, ஒன்றாக ஒரு மெதுவான பாட்டை வாசிக்கத் தொடங்கினார்கள். அந்த நேரம் பார்த்து நான் சப்பாத்து நூலைக் கட்டக் குனிந்தேன். நிமிர்ந்து பார்த்தால் பையும் இல்லை, உங்கள் தங்கையும் இல்லை! சால்வை மேடைப்படி ஏறிக்கொண்டிருக்கிறது!

நம்முடைய ஆட்களின் பழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒருவர் நன்றாக வாசித்தால் அந்த இடத்திலேயே, அந்தக் கணத்திலேயே போர்த்திவிட வேண்டும். ஆனால் அதற்கு ஒரு முறை இல்லையா? மேடையில் இரண்டு கலைஞர்கள் இருந்தால் இரண்டு சால்வை வேண்டும். இரண்டுக்கும் ஒரே நிறம், ஒரே கரை இருக்க வேண்டும். வயதில் மூத்தவருக்கு முதலில், மூத்தவர் யார் என்று முன்கூட்டியே விசாரித்து வைத்திருக்க வேண்டும். இதில் பிழைவிட்டு ஒரு மன்றம் இரண்டாக உடைந்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். இங்கேயோ ஒரு சால்வை, இரண்டு கிழவர்கள். யாருக்குப் போர்த்தினாலும் மற்றவருக்கு அவமானம். உங்கள் தங்கை என்ன செய்தாள் தெரியுமா? சால்வையை முழு அகலத்துக்கும் விரித்து, இரண்டு பேரையும் சேர்த்து, ஒரே போர்வைக்குள் வைத்துப் போர்த்திவிட்டாள்! எந்த மன்றத்து யாப்பு விதியில் இருக்கிறது இது?

கதவு அகலத்தில் ஒரு காவலாளி ஓடிவந்தான். தொப்பிக்காரர் தலையை ஆட்டி அவனைத் தடுத்தார். இரண்டு பேரும் சால்வைக்குள் இருந்தபடியே, ஒரு சுரமும் தவறாமல் வாசித்து முடித்தார்கள். ப்ளூஸ்காரர் சால்வைக் கரையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கைகூப்பினார். மற்றவரும் அவரைப் பார்த்துக் கைகூப்பினார். தும்மாத சுவிஸ்காரர்கள் எல்லோரும் எழும்பி நின்று தட்டினார்கள். என் மானம் அந்தக் கைதட்டலோடு காற்றில் போனது. போர்த்திய சால்வையைத் திருப்பிக் கேட்க முடியுமா? வெறும் பையோடு ரயில் ஏறினோம்.

மறுநாள் ஞாயிறு. இந்த நாட்டில் ஞாயிறு என்றால் கடை எல்லாம் பூட்டு. சால்வைக்கு நான் எங்கே போவேன்? வீட்டு அலுமாரியைக் கிளறினேன். எங்கள் கட்டடத்துப் பராமரிப்பாளர் நத்தார்ப் பண்டிகைக்குத் தந்த ஒரு மேசைவிரிப்பு இருந்தது. வெள்ளைத் துணி, கரையெல்லாம் எடெல்வைஸ் பூ. மின்னழுத்தி போட்டு மடித்து, தாம்பாளத்தில் வைத்து, பார்த்தால் மோசமில்லை என்று என்னையே தேற்றிக்கொண்டு போனேன். புலவர் குனிந்தார், நான் போர்த்தினேன். நிமிர்ந்தார். பிடரியில் ஒரு சின்னத் துணிச்சீட்டு நீட்டிக்கொண்டு நிற்கிறது, நாற்பது பாகைச் சூட்டில் தோய்க்கவும் என்று. அதற்குக் கீழே, நான் வீட்டு வெளிச்சத்தில் கவனிக்காத ஒரு குழம்புக் கறை. புலவர் அதோடு திரும்பி நின்று சபைக்கு வணக்கம் வைத்தார். சபை முழுவதும் வாசித்தது.

அதோடு போயிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். அந்த நேரம் மரியதாஸ் உள்ளே வந்தார். நல்ல மனிதர். சுசீலா வேலை செய்யும் அதே அரங்கில் பின் குசினியில் கிளாஸ் கழுவுகிறவர். மேடையில் நடந்ததைக் காணவில்லை. கச்சேரிக்குப் பிறகு நடந்ததைத்தான் கண்டிருக்கிறார். வாயெல்லாம் பல்லாக மண்டபத்தின் நடுவில் நின்று சொன்னார்:

"தலைவர்! எங்கட மன்றத்தின்ரை பேர் போட்ட சால்வையெல்லே அது! அந்த ரெண்டு கிழவரும் அதைக் கழட்டாமலே இருந்து சாப்பிட்டவை. நான் கண்ணாலை கண்டனான்!"

தம்பித்துரை இதற்காகவே பிறந்தவர்போல எழும்பினார். "புலவருக்கு மேசைத்துணி, பியர் விக்கிற இடத்திலை வாசிக்கிறவைக்குப் பொன்னாடை! நல்லாயிருக்குது. ஆர் போர்த்தினது? அதை இப்பவே சபைக்குச் சொல்லுங்கோ" என்றார்.

நான் வெறும் தாம்பாளத்தைத் தூக்கி மார்போடு பிடித்துக்கொண்டேன். பெண்கள் பக்கத்திலிருந்து சுசீலா எழும்பினாள்.

"நான்தான் போர்த்தினனான். இப்ப என்ன?"

செய்ததை ஒத்துக்கொண்டாள். அந்த அளவில் உங்கள் வளர்ப்பைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் தம்பித்துரை விட்டாரா? "வீட்டுக்காரியை அடக்கத் தெரியாதவர் மன்றத்தை என்னண்டு நடத்துவார்?" என்று கேட்டார். அதற்குக் கைதட்டல்! அன்றே விசேட பொதுக்கூட்டத்துக்குக் கையெழுத்து வைத்துவிட்டார்கள்.

இதுதான் அத்தான் என் நிலைமை. குசினியில் சொடுக்குகிறான், மன்றத்தில் சிரிக்கிறார்கள். தெருவில் எதிர்ப்படுகிற ஒவ்வொருவரும் "சால்வை என்னாச்சு, தலைவர்?" என்கிறார்கள். வீட்டில் சுசீலா ஒன்றும் நடக்காததுபோலப் புட்டு அவிக்கிறாள். நீங்கள் எழுதும் கடிதத்தில் "இசைப்பித்து" என்ற சொல்லை மறக்காமல் பாவியுங்கள், அதன்கீழ் ஒரு கோடும் போடுங்கள். கையெழுத்துக்குக் கீழே "முன்னாள் அதிபர்" என்பதைப் பெரிதாக எழுதுங்கள்.

அக்காவுக்கு எங்கள் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு ஆசிகள். அங்கே பனி தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போகவும். கடவுள் உங்கள் எல்லோருக்கும் நீண்ட ஆயுளையும், நல்ல தங்கை புருஷனுக்குக் கை கொடுக்கும் மனதையும் தருவாராக.

இங்ஙனம்,
தங்கள் அன்புள்ள,
சு. வரதராசா
தலைவர் (இதுவரை)

பி.கு.: இந்தக் கடிதம் பற்றிச் சுசீலாவிடம் ரெலிபோனில் கேட்க வேண்டாம். அவள் மனம் நோகும்.

*

அன்புள்ள அண்ணை, இது சுசீலா. அவர் வேலைக்குப் போகிற அவசரத்தில் கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லி என்னிடம் தந்தார். முத்திரை ஒட்டுவதற்கு முன் வாசித்தேன். என் மனம் நோகவில்லை. சிரித்துச் சிரித்து வயிறுதான் நோகிறது.

எனக்கு இசைப்பித்தாம். பள்ளிக்கூடத்தில் சங்கீத ரீச்சர் என்னை "நீ வாயை மட்டும் அசை, பிள்ளை" என்று பின்வரிசையில் விட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நான் தடியைப் பிடித்துக்கொண்டு நின்றது உண்மை. அவர் நின்ற இடத்தைத் துடைக்க வேண்டியிருந்தது, அவர் நகரவில்லை. நான் கதைத்ததாக எழுதியிருப்பதெல்லாம் அவர் கதைத்தது. அவர் கதைத்ததாக எழுதியிருப்பது நான். அவர் நின்ற நிலையைக் கண்டுதான் மேலாளர் அம்மா சீட்டுத் தந்தார். நாங்கள் இருந்ததும் கடைசி வரிசையில் இல்லை, முதல் வரிசையில். நான் காலையிலிருந்து வேலை செய்த களைப்பில் அந்த மஞ்சள் பஞ்சைக் காதில் வைத்துக்கொண்டு நித்திரையாகிவிட்டேன். "சபாஷ்" என்ற சத்தத்துக்கு இரண்டு தரம் விழித்தேன். மூன்றாம் தரம் விழித்தபோது பக்கத்தில் அவர் இல்லை. மேடையில் நின்றார். அந்த இரண்டு பேருக்கும் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றார். யாப்பு, மூத்தவர், இளையவர் ஒன்றும் பார்க்கவில்லை. இந்த நாட்டுக்கு வந்தபிறகு அவர் அப்படி நிமிர்ந்து நின்று நான் கண்டதில்லை அண்ணை.

ரயிலில் வெறும் பையை மடிப்பதும் விரிப்பதுமாக வந்தார். பிறகு சொன்னார்: "சுசீலா, இவ்வளவு காலமும் கமிற்றி சொன்ன ஆக்களுக்குத்தான் போர்த்தினனான். இண்டைக்குத்தான் நான் போர்த்தினன்."

சபையில் தம்பித்துரை கேட்டபோது அவருடைய முகத்தைப் பார்த்தேன். எனக்கு இழக்க ஒரு பதவியும் இல்லை, அதனால் எழும்பினேன். பழியை என்மேல் போடுங்கள் என்று பிறகு அவரிடம் சொன்னதும் நான்தான். இவ்வளவு போடுவார் என்று நினைக்கவில்லை. பரவாயில்லை. அவர் கேட்டபடியே நீங்கள் எழுதுங்கள், கோடும் போடுங்கள். அந்தப் பதவி அவருக்கு வேண்டும்.

ஆனால் அடுத்த முறை ரெலிபோன் எடுக்கும்போது, அந்த இரண்டு பேரும் எப்படி வாசித்தார்கள் என்று அவரிடம் ஒருக்கால் கேளுங்கள் அண்ணை. இங்கே எல்லோரும் சால்வையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். வாசிப்பைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நானும் நித்திரை கொண்டுவிட்டேன்.